ஒன்பது நாள்

அடித்தானா என்று பெரியப்பா கேட்டார்.

இல்லை என்று தலையசைத்தாள்.

குடிக்கிறானா? இல்லை. கெட்ட வார்த்தை பேசுகிறானா? அதுவும் இல்லை.

பின்னே என்னதான் குறை என்று பெரியப்பா கையை விரித்தார்.

எதிரே நாற்காலியில் அவள் கணவன். சலவைச் சட்டை. மடியில் ஆப்பிள் பை. அவளை அழைத்துப் போக வந்திருந்தான். பார்க்கிற யாரும் தங்கமான பிள்ளை என்றுதான் சொல்வார்கள். அண்ணனே சொல்லிவிட்டான்.

அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பாயில் உட்கார்ந்திருந்தாலும் முழங்கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. அம்மா தொடையைத் தட்டி அடக்கினாள்.

மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். தோசைக்கல் சுட்ட இடம். ஒரு புளியங்கொட்டை அளவு இருக்குமா? அந்தச் சின்னப் புண் அவன் வீட்டில் இரண்டு மாதம் ஆறவே இல்லை.

அங்கே மாலை ஏழு மணிக்கு பைக் சத்தம் கேட்கும். கேட்டதும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு எழுந்து நிற்பாள்.

வருவான். அடுப்பைத் தொட்டுப் பார்ப்பான். அவள் போனை எடுத்து யார் யார் பேசினார்கள் என்று பார்ப்பான். எதுக்கு என்பான். பதில் வரும்வரை அங்கேயே நிற்பான். எந்தப் பதிலும் அவனுக்குப் போதாது. குரலை மட்டும் உயர்த்தவே மாட்டான்.

புண்ணைக் காட்டப் போனபோது டாக்டரம்மா சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. களிம்பை மாற்றினார். பிறகு சொன்னார், மனசு ஓயாமல் பதறிக்கொண்டிருந்தால் உடம்பு கார்ட்டிசால் என்று ஒன்றைச் சுரக்கும், தோல்கூடச் சுரக்கும், அது மிகுந்தால் புண் சீக்கிரம் மூடாது என்று. வீட்டில் நிம்மதியாக இருக்கிறாயா என்றும் கேட்டார்.

அவள் பக்கத்தில் நின்ற கணவனின் முகத்தைப் பார்த்தாள்.

அப்புறம்தான், இருக்கிறேன் என்றாள்.

பிறகு இங்கே தன் அம்மாவின் வீட்டுக்கு வந்தாள். அதே களிம்புதான். ஒன்பதே நாளில் மூடிக்கொண்டது.

இதைப் போய் எப்படிச் சொல்வது? காயம் இருந்தால் காட்டு என்பார்கள். அவளிடம் இருந்தது ஆறிப்போன புண்.

சொல்லாவிட்டால் இன்று சாயங்காலம் ஏழு மணிக்கு அந்த வீட்டில் இருப்பாள்.

கையை நீட்டினாள்.

"அங்க ரெண்டு மாசம் ஆறல பெரியப்பா. இங்க ஒம்பது நாள்ல ஆறிருச்சு. நான் போகல."

கணவன் ஆப்பிள் பையின் முடிச்சைச் சரிபார்த்தான்.

பெரியப்பா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு அந்தத் தழும்பை வெகுநேரம் பார்த்தார். பிள்ளை இங்கேயே இருக்கட்டும் என்றார்.

முழங்கால் ஆட்டம் நின்றது. அவளுக்கு அழுகையாக வந்தது.

அண்ணி காபித் தட்டோடு வந்தாள். தாமதம்தான். அம்மா அண்ணியை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்தாள்.

தட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

அண்ணியின் கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. அரிவாள்மனை வெட்டியது. இவள் பெட்டியோடு வந்து இறங்கிய அன்றே அந்தக் கட்டு இருந்தது. ஐந்து வாரம் ஆகிறது.

"இன்னும் ஆறலையா அண்ணி?"

அண்ணி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

அப்புறம்தான், ஆறிக்கொண்டு வருகிறது என்றாள்.