பதினோரு மணிவரை

புல்டோசருக்கு நேர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் பூட்டுக்கடைக்காரர்.

மணி பத்து நாற்பது. பதினோரு மணிக்கு வக்கீல் கோர்ட்டிலிருந்து தடையுத்தரவோடு வந்துவிடுவார். அதுவரை ஒரு கடையும் இடிபடக் கூடாது.

அதுவரை ஒருத்தனும் கை ஓங்கவும் கூடாது. ஓங்கினால் தடியெடுக்கப் போலீஸுக்குச் சாக்குக் கிடைத்துவிடும். வியாபாரிகள் சங்கத் தலைவர் என்ற முறையில், கடை கடையாக ஏறி இதைச் சொல்லிவைத்தவரே அவர்தான்.

மேயர் முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தார். ஊருக்கு மேம்பாலம் கொண்டுவந்தவர். பாதாளச் சாக்கடை கொண்டுவந்தவர். பாலத்துக்காக இடது புருவத்தில் ஒரு தழும்பு, சாக்கடைக்காகத் தோளில் ஒன்று. ஜனங்கள் ஓட்டுப் போடுவது பாலத்துக்கா தழும்புக்கா என்று அவருக்கே சந்தேகம் உண்டு.

"புது மார்க்கெட்டுக்கு நூறடி ரோடு. ஒரு இஞ்ச் குறையாது. எந்திரிங்க தலைவரே."

"எண்பதுன்னு வச்சுக்குவோம். உங்களுக்கும் வேணாம், எங்களுக்கும் வேணாம்."

கூட்டம் சிரித்தது. யானை விலை சொன்னால் குதிரை விலைக்கு இறக்கிவிடுகிற ஆள். இருபது நிமிஷத்தைப் பேசியே ஓட்டிவிடுவார்.

"கள்ளச்சாவி செஞ்சு வித்த உங்கப்பன் கடைக்கா இவ்வளவு ரோஷம்?" என்றார் மேயர்.

ஷட்டர் இழுக்கிற கம்பி தலைவரின் கைக்கு எப்போது வந்தது என்று யாரும் பார்க்கவில்லை. அது மேயரின் நெற்றியில் இறங்கிய சத்தத்தைத்தான் கேட்டார்கள்.

வெள்ளைச் சட்டை வயிறுவரை சிவந்தது.

"அண்ணே, கெடுத்துட்டியே!" என்று கத்தினான் தலைவரின் தம்பி.

தடிகள் இறங்கின. ஜவுளிக்கடைக்காரர் வாயைப் பொத்திய கைக்குள்ளேயே மூன்று பற்கள் உதிர்ந்தன. பாத்திரக்கடைக்காரரின் விரல்கள் அவர் கட்டிக்கொண்டிருந்த அண்டாவின் மேலேயே நசுங்கின. மேஜைக்கடியில் பதுங்கிய தையல்காரரை முடியைப் பிடித்து வெளியே இழுத்தார்கள்.

புல்டோசர் முதலில் பூட்டுக்கடைத் தூணில் மோதியது. வெளியே வரமாட்டேன் என்று ஷட்டரைப் பற்றிக்கொண்டு உள்ளே நின்றான் தம்பி. உத்தரம் அவன் முழங்கால்மேல் விழுந்தது.

சரியாகப் பதினோரு மணிக்கு வக்கீல் வந்தார். அவர் கையில் உத்தரவு இருந்தது. வீதிதான் இல்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் தம்பியின் கட்டிலருகே போய் நின்றார் தலைவர். ஒரு பக்கம் முழங்காலுக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது.

"விடுண்ணே," என்றான் தம்பி. "அந்தாளு மண்டையில போட்டியே ஒண்ணு, அது போதும் எனக்கு."

அவன் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு மாடியேறினார் தலைவர். மேயரின் அறை வாசலில் காவலுக்கு நின்ற போலீஸ்காரர் ஒன்றும் கேட்கவில்லை. கதவைத் திறந்துவிட்டு, உள்ளே போனதும் சாத்தினார்.

தலைவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கட்டுப்போட்ட நெற்றியை நிதானமாகப் பார்த்தார்.

"பேசினது மூணு தையல். ஆறு விழுந்திருக்கு. புது மார்க்கெட்டுல முன்வரிசைக் கடை ஒண்ணு பத்தாது. தம்பிக்கும் சேர்த்து ரெண்டாக் குடுங்க."