தங்கையின் காது

போன் அடித்தது. பள்ளிக்கூடத்து நம்பரைப் பார்த்ததும் அக்கா வழக்கப்படி தங்கைக்கு நேராகப் போய் நின்றாள்.

அது அந்த வீட்டுப் பழக்கம். ஐந்து வயதில் வந்த காய்ச்சல், தங்கையின் காதைப் பறித்துக்கொண்டு பேச்சை மட்டும் விட்டுவைத்திருந்தது. அவளுக்கு வரும் போனையெல்லாம் அக்காதான் எடுப்பாள், முகத்தைக் காட்டியபடியே பேசுவாள். தங்கை உதட்டைப் பார்த்தே விஷயத்தைப் பிடித்துக்கொள்வாள். "தங்கச்சிக்கு நீதாம்மா காது" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் மெச்சுவார்கள்.

தங்கை தரையில் உட்கார்ந்து பெரிய பெரிய மணிகளைக் கயிற்றில் கோத்துக்கொண்டிருந்தாள். விரல் சரியாக மடங்காத பிள்ளைகளுக்கு எண்ணச் சொல்லிக்கொடுக்கவாம். வேலை கைக்கு வருவதற்குள்ளேயே இவ்வளவு ஆர்வம்!

"ஸ்பெஷல் ஸ்கூல் ஆபீஸ்ல இருந்து கிளார்க் பேசுறேன். உங்க தங்கச்சி செலக்ட் ஆயிட்டாங்க."

அக்காவுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

இருந்ததே ஒரே ஓர் இடம். அதற்குத்தான் இருவரும் விண்ணப்பம் போட்டிருந்தார்கள். ஆசிரியர் பயிற்சியில் இரண்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து, விரிவுரையாளர் போர்டுப் பக்கம் திரும்பியபோதெல்லாம் அவர் சொன்னதை ஒரு வரி விடாமல் எழுதிக் காட்டியது யார்? அக்கா. கடைசியில் முதல் மார்க் வாங்கியது யார்? தங்கை.

போன வாரம் அந்தப் பள்ளியில் இருவரையும் எடுக்கச் சொன்ன சோதனை வகுப்பிலும் அதே கூத்துதான். அக்கா போர்டில் எழுதிக்கொண்டிருந்தபோது ஒரு பையன் சத்தம் காட்டாமல் ஒரு மணியை வாயில் போட்டுக்கொண்டான். ஆயா ஓடிவந்து விரலை விட்டு எடுக்க வேண்டியதாயிற்று.

அடுத்தது தங்கை. பையிலிருந்து உள்ளங்கை அகலக் கண்ணாடி ஒன்றை எடுத்து, போர்டின் ஓரத்தில் மாட்டிவிட்டுத்தான் சாக்பீஸையே தொட்டாள். அதே பையன் மறுபடி மணியை வாய்க்குக் கொண்டுபோன நொடியில் சட்டென்று திரும்பி, கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். தலைமை ஆசிரியை எழுந்து நின்று கைதட்டினார்.

"கண்ணாடி மாட்டினா டீச்சரா? அப்போ சலூன் வச்சிருக்கறவங்க எல்லாரும் டீச்சர்தான்!" அன்றைக்கு வீடு வந்து சேரும்வரை அக்கா பஸ்ஸில் பொருமிக்கொண்டே வந்தாள்.

"ஹலோ, கேக்குதாம்மா?" என்றார் கிளார்க். "நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்குள்ள வந்து கையெழுத்துப் போடணும். அவங்க வரலைன்னா லிஸ்ட்டுல அடுத்து இருக்கறது உங்க பேருதான்."

அடுத்தது உங்கள் பேர்! அக்கா மெல்ல நகர்ந்து, தங்கைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பீரோ பக்கம் போனாள். சும்மா நிற்க முடியாமல், இருபத்தெட்டு வயதிலேயே நெற்றியோரம் எட்டிப்பார்த்த ஒற்றை நரைமுடியைத் தேடிப் பிடித்துப் பிடுங்கினாள்.

"அவளுக்கு இஷ்டமில்லையாம் சார். வேற இடத்துல கிடைச்சிடுச்சு."

"அடடா, மேடம் ரொம்ப வருத்தப்படுவாங்களே. சரி, அப்போ நீங்க வந்துடுங்க."

"கண்டிப்பா வந்துடறேன் சார்."

பாவம் என்று ஒரு நொடி தோன்றத்தான் செய்தது. எனக்கு மட்டும் யார் பாவம் பார்த்தார்கள் என்று அடுத்த நொடியே தோன்றிவிட்டது. திரும்பினாள். தங்கை அதே இடத்தில்தான் இருந்தாள்.

"யாருக்கா போன்ல? ஸ்கூலா?" ஏற்ற இறக்கம் இல்லாத தன் கட்டைக் குரலில் கேட்டாள்.

"ஸ்கூல்தான்டி. இன்னும் முடிவு பண்ணலையாம். ரெண்டு நாள் ஆகுமாம்."

"சரிக்கா" என்றாள் தங்கை. கயிற்றின் நுனியில் முடிச்சுப் போட்டு, மணிகளைப் பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள்.

மறுநாள் அக்கா எழுந்தபோது பக்கத்துப் படுக்கை காலியாக இருந்தது. "சின்னவ எப்பவோ கிளம்பிட்டாளே, உன்கிட்ட சொல்லலையா?" என்றாள் அம்மா. நல்லதாய்ப் போயிற்று, இன்னொரு பொய் மிச்சம் என்று நினைத்துக்கொண்டு, இருப்பதிலேயே நல்லதாக ஒன்றை உடுத்திக்கொண்டு அக்கா கிளம்பினாள்.

ஒன்பது மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே ஆபீஸில் போய் நின்றுவிட்டாள். கிளார்க் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்களும் வந்துட்டீங்களா? உங்க தங்கச்சி எட்டு மணிக்கே வந்து கையெழுத்துப் போட்டாச்சேம்மா! அக்கா போன்ல தப்பாச் சொல்லிட்டா, மன்னிச்சுக்கங்கன்னு சொன்னாங்க. இப்போ வகுப்புல இருக்காங்க, போய்ப் பாருங்க."

எப்படித் தெரிந்தது? ஒரு சத்தம்கூடக் கேட்காதவளுக்கு, முதுகைக் காட்டிக்கொண்டு பேசியது எப்படித் தெரிந்தது?

நடந்தாளோ ஓடினாளோ, வகுப்பு வாசலில் போய் நின்றாள். உள்ளே ஐந்தாறு பிள்ளைகள் மணிகளை உருட்டிக்கொண்டிருந்தார்கள். தங்கை வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போர்டில் எழுதிக்கொண்டிருந்தாள். ஓரத்தில் அந்த உள்ளங்கைக் கண்ணாடி தொங்கியது. அதில் அக்காவின் முகம் தெரிந்திருக்க வேண்டும், சாக்பீஸ் நின்றது.

திரும்பிப் பார்க்காமலே தங்கை சொன்னாள்:

"அக்கா, இனிமே பொய் சொல்றப்போ பீரோ கண்ணாடியப் பார்த்து நரைமுடி பிடுங்காத."