எசப்பாட்டு

பாப்பாரப்பட்டிப் பக்கம் அந்தக் கரட்டில் பேருக்குக்கூட ஒரு மரம் மிச்சமில்லை. ஒலிக்கலைஞர் சுசித்ரா, வெட்டுப்பட்ட காட்டுக்கு ஒப்பாரியாக, எப்போதோ பதிவான கவுதாரிக் குரலை உச்சியில் ஸ்பீக்கர் கட்டி ஓடவிட்டிருந்தாள்.

அன்று காலையில் மறுபக்கச் சரிவிலிருந்து இன்னொரு கவுதாரி எசப்பாட்டுப் பாடியது.

சுசித்ராவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ‘அடி ஆத்தாடி, ஒண்ணு தப்பிச்சிருக்கு!’ முள்ளில் சுடிதார் கிழியக் கிழிய ஓடினாள்.

சரிவில் வலை விரித்துக் குந்தியிருந்த மாதப்பன் பதறிப்போய்க் கையமர்த்தினான்.

“சத்தம் போடாதீங்க மேடம்! எத்தனையோ வருசம் கழிச்சு மேல ஒரு கவுதாரி கத்துதுங்க. நானும் விடிஞ்சதுலேர்ந்து கூப்பிடறேன், எறங்கி வரமாட்டேங்குது.”

அவன் மடியிலிருந்த செல்போன் மறுபடியும் கவுதாரியாகக் கூவியது.

உச்சியிலிருந்து சுசித்ராவின் ஸ்பீக்கர் பதில் சொன்னது.