சப்வூஃபர் வைக்க ஒரு மூலை

மைதிலிக்கா, டைப் பண்ணல, பேசுறேன், தப்பு வந்தா பொறுத்துக்கோ. அப்பாவுக்காக சப்வூஃபர் வாங்கிட்டேன். மில்லு சத்தத்துல காது போனவரு, படத்துல அதிர்வாவது தெரியணும்ல? இல்லேன்னா போரடிச்சு நாளைக்கே ஊருக்குக் கெளம்பிடுவாரு. மாரெட்பள்ளி கடைக்காரர், "பெருசு நக்கோ, சின்னதே போதும், வைக்கிற எடம்தான் முக்கியம்"னாரு. அதுக்கு, மொதல்ல அத அப்பா உக்கார்ற சோஃபா மேல வெச்சு பாட்டப் போடணும். நாம தரையில தவழ்ந்து, எந்த மூலையில நல்லாக் கேக்குதுன்னு பாத்து, அங்கயே அத வைக்கணும். நான் தவழ்றதப் பாத்து அப்பாவுக்கு ஒரே சிரிப்பு.

ஜன்னலோர மூலையில செம அதிர்வு. "இங்கதான்டா"ன்னேன். என் ரூம்மேட் டேனியல், "பாட்ட எப்பவோ நிறுத்திட்டேன், எந்திரிடா"ன்னான். பிளக்கையும் புடுங்கிக் காட்டினான். அப்பவும் செவுத்துல அதிர்வு நிக்கல. அந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம் வீடே கெடையாதுக்கா. நாலாவது மாடி, வெறும் காத்துதான்.

அப்பாவும் தவழ்ந்து வந்து செவுத்துல காத வெச்சாரு. "படம் அப்புறம் பாக்கலாம், இரு"ன்னாரு. ஊருக்குப் போற பேச்சே இல்ல. சாப்பாட்டயும் அங்கயே குடுத்தோம். இப்ப செவுத்துக்கு "ம்... ம்..."னு கொட்டிக்கிட்டு, நடுநடுவுல சிரிக்கிறாரு.