நடு அறைக் கொக்கி

பழைய வீட்டை வாங்கிப் புதுப்பித்து விற்கும் தொழிலில் குணசீலனுக்கு இதுதான் முதல் வீடு. அந்த வீட்டுப் பெண் தூக்கிட்டுக்கொண்ட நடு அறைக் கொக்கியைக் காட்டிக் காட்டியே பாதி விலைக்குப் பேசி முடித்தான். சாவியைக் கொடுக்கும்போது பெண்ணின் தாய் கேட்டாள்: “அந்தக் கொக்கிய மட்டும் அறுத்துப் போட்ருங்க தம்பி.”

“முதல் வேலையே அதாம்மா.”

கொத்தனார் அறுக்கப் போனபோது குணசீலன் தடுத்து, அதற்கும் வெள்ளை அடிக்கச் சொன்னான்.

வீடு பார்க்க வந்த கர்ப்பிணி அண்ணாந்து பார்த்தாள்.

“இதுல தொட்டில் கட்டலாமாண்ணா? தாங்குமா?”

குணசீலன் ஸ்டூலில் ஏறினான். கொக்கியை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு, காலால் ஸ்டூலைத் தள்ளிவிட்டான்.

“முழு ஆளையே தாங்கும்மா,” என்றான், தொங்கிக்கொண்டே.