வெள்ளைக் கட்டம்

ஃபர்சானா வரைந்த கடல் வரைபடம், தேக்காவில் ஒரு கண்காட்சிக் கூடத்தின் சுவரை நிறைத்துத் தொங்குகிறது. பருவக்காற்றில் கப்பல்கள் போய்வந்த கரைகளெல்லாம் ஒரே கடலைச் சேர்ந்தவை என்று அவள் போட்ட எல்லைக்கோடு விளக்கொளியில் மின்னுகிறது. நாகூரிலிருந்து கடல் கடந்து வந்திருக்கும், வாப்பாவின் தம்பியான சாச்சாவின் விரல் மலாக்காவில் புறப்பட்டு, அச்சேயைத் தாண்டி, மேற்கே போய் நின்றுவிடுகிறது. "நம்ம ஊரு எங்கம்மா இருக்கு?" என்று கேட்கிறார். நிறங்களுக்கு விளக்கம் எழுதிய வெள்ளைக் கட்டம் அந்தக் கரை மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அந்த மூலையில் ஒன்றும் இல்லை என்று நினைத்து அவளே வைத்தது. பக்கத்தில் நிற்கும் வாப்பாவின் முகத்தை அவளால் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. "அப்புறம் தேடலாம் லா, முதல்ல போட்டோ எடுப்போம்," என்று தன் தம்பியை இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு, அந்தக் கட்டத்தைத் தன் முதுகால் மறைத்தபடி நின்று சிரிக்கிறார் வாப்பா.