மருதாசலம் சாரின் ஆமை

“ஆமையை நீ கடைசியா எப்பப் பாத்த?” என்று குமரவேல் கேட்டதும் சண்முகப்பிரியா கீரை ஆய்வதை நிறுத்தினாள்.

“இது என்னா கேள்வி? தெனமும் நான்தான் கீரை போடறேன். போட்ட கீரை மறுநாள் இருக்கறதில்ல.”

“கீரையைக் கேக்கல பிரியா. ஆமையைக் கேக்கறேன்.”

அவள் முகம் மாறியது. “நான் பாத்ததில்லீங்க. நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வர்றப்ப நீங்க பாத்துகினு வருவீங்கன்னு நெனச்சேன்.”

“நீ பாக்கறன்னுதான் நானும் நெனச்சுகினு இருந்தேன்!”

இரண்டு பேரும் தோட்டத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். செம்பருத்தி வேலி ஒன்றும் தெரியாததுபோல் பூத்து நின்றது.

மூன்று வருடங்களுக்கு முன் இந்தக் குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது, ஓய்வு பெற்ற மருதாசலம் சாவியோடு ஆமையையும் ஒப்படைத்தார். மைன்ஸில் ஷிஃப்ட் மாறும்போது இயந்திரத்தை அடுத்த ஆளிடம் விடுவதுபோல, ஒன்று விடாமல் சொன்னார்.

“வேலிக்கு அடியில வளை தோண்டிப் படுத்திருக்குமுங்க. காலையில கீரை, செம்பருத்தி எலை. வெள்ளரிக்கா கெடச்சாப் போடுங்க. உப்பு பட்டது எதுவும் ஆகாது. ரொம்பக் கூச்சம். நின்னு பாத்தீங்கன்னா வெளிய வராதுங்க.”

குமரவேல் காண்ட்ராக்ட் வேலையில் அல்லாடிய காலத்தில், அவனை நிரந்தரமாக்கச் சொல்லி நாலு இடத்தில் பேசியவர் மருதாசலம். அதற்கு ஒரு காபிகூட வாங்கிக் குடித்ததில்லை. அவர் வாய்விட்டுக் கேட்ட ஒரே உதவி, இந்த ஆமைதான். இப்போது கோயம்புத்தூரிலிருந்து போன் வந்திருக்கிறது. “நாளைக்கு வடலூர்ல ஒரு கல்யாணம் தம்பி. அப்படியே ஆமையப் பாக்கோணும்.”

“அந்த மனுஷன் மூஞ்சியில எப்படி முழிக்கறது?” என்று புலம்பிக்கொண்டே குமரவேல் கடப்பாரையை எடுத்தான்.

சாயங்காலம் முழுக்க வேலி ஓரத்தைக் கிளறினார்கள். ஒரு ரப்பர் பந்து கிடைத்தது. துருப்பிடித்த கரண்டி கிடைத்தது. கடைசியில் பெரிய வளை ஒன்றிலிருந்து கொழுத்த பெருச்சாளி எட்டிப் பார்த்தது. இன்றைக்குக் கீரை ஏன் தாமதம் என்பதுபோல் இருவரையும் முறைத்துவிட்டு உள்ளே போனது.

“இதுக்கா நான் மூணு வருஷமா கீரை ஆஞ்சேன்?” சண்முகப்பிரியாவுக்கு அழுகையே வந்துவிட்டது. “வெள்ளரிக்காயைத் தோல் சீவி வேற போட்டேங்க!”

“செத்துப்போச்சுன்னு சொல்லிடலாமா?”

“எப்ப செத்துச்சு, எங்க பொதைச்சீங்கன்னு கேப்பாரு. பெருச்சாளியைக் காட்டுவீங்களா?”

மறுநாள் விடிந்ததும் குமரவேல் பக்கத்திலிருந்த சொந்த ஊரான வடக்குத்துக்கு வண்டியை விட்டான். அப்பாவின் கிணற்றில், பாசி தின்னட்டும் என்று எப்போதோ விட்ட ஆமை ஒன்று உண்டு. அதை வாளியில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தான்.

“ஐயோ, இது தண்ணியில கெடக்கற ஆமைங்க. அவரோடது தரையில திரியறது.”

“ஓடு இருக்குதா? நாலு காலு இருக்குதா? கழுத்து நீட்டுதா?”

“நீட்டுது.”

“அப்ப இதான் அது.”

“வளத்தவருக்குத் தெரியாதா? பெத்த புள்ளைய மாத்தி வெச்சா தாய்க்காரி கண்டுபிடிக்க மாட்டாளா?” என்றவள், இருந்தாலும் மனசு கேட்காமல் ஓட்டின் மேல் தேங்காய் எண்ணெய் தடவினாள். “கொஞ்சம் வூட்டு ஆமை மாதிரியாவது இருக்கட்டும்.”

வேலியடியில் இறக்கிவிட்டதும் ஆமை நேராகத் தண்ணீர்க் குழாயை நோக்கி நடந்தது. குமரவேல் தூக்கி வந்து விட்டான். மறுபடி நடந்தது. மூன்றாவது தடவை தூக்கும்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

மருதாசலம் பட்டு வேட்டியில் இறங்கினார். காபி வேண்டாம் என்றார். உட்காரக்கூட இல்லை. “ஆமை எங்கீங்க தம்பி?”

“வேலிகிட்டதான் சார் இருக்குது. இப்பல்லாம் கூச்சம் கொறைஞ்சு போச்சு.”

ஆமை கழுத்தை நீட்டி, செம்பருத்தி இலையை மோந்து பார்த்து, பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது. மருதாசலம் அதன் எதிரில் நின்றார். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு மெல்லக் குந்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

குமரவேல் முந்திக்கொண்டான். “கொஞ்சம் எளைச்சுப் போச்சு சார். கலரும் மாறிடுச்சு. மைன்ஸ் தூசி பாருங்க...”

“எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டுவோங்க,” என்று சண்முகப்பிரியா எடுத்துக் கொடுத்தாள்.

மருதாசலம் விரலை நீட்டி ஓட்டைத் தொட்டார்.

“இதுதானுங்களா தம்பி அது?”

எல்லாம் முடிந்தது என்று குமரவேலுக்குப் பட்டது. வாயைத் திறந்து உண்மையைச் சொல்லிவிடப் போனான். அதற்குள் அவர் நிமிர்ந்தார். கண் இரண்டும் நிறைந்திருந்தது.

“எனக்கு முந்தி இந்த வீட்டுல குடியிருந்தவரு சொல்லிட்டுப் போன ஆமைங்க. நானும் இருவது வருசம் ஒரு நாள் தவறாமக் கீரை போட்டேன் தம்பி... இன்னிக்குத்தான் மொதல் தடவையாக் கண்ணுல பாக்கறேன்!”